கறுப்புத் துணிக்குள் ஒரு கதாநாயகன்

“நம்ம கல்யாணப் படம் எப்ப எடுக்கிறது?”

“கேமராவுக்கு முன்னாடி நின்னதெல்லாம் போதும் புஷ்பம். இனிமே பின்னாடிதான்.”

தாலி கட்டிய மறுநாள் மலாயாவின் குளுவாங்கில் நாங்கள் பேசியது இது. அப்புறம் நான் கேட்கவில்லை. ஆசை மட்டும் போகவேயில்லை.

என் கணவர் ராஜசேகரன் சென்னையில் ஊமைப்பட நாயகனாக இருந்தவர். அவர் குதிரையேறி வந்தால் கொட்டகையே எழுந்து நிற்குமாம். பேசும் படம் வந்ததும் குரல் பார்க்கக் கூப்பிட்டார்கள். அந்த மீசைக்கு அடியிலிருந்து வந்த கீச்சுக் குரலைக் கேட்டு, விளக்குப் பிடித்தவன்கூடச் சிரித்துவிட்டான். கேமரா அன்றே கசந்துபோயிற்று. ஆனால் கேமராவை விட்டால் வேறு தொழில் தெரியாது. கப்பலேறி வந்து, ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். தெப்ராவ் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகளான என்னையும் கட்டிக்கொண்டார்.

ஊருக்குப் படம் அனுப்பத் தோட்டத்து ஜோடிகள் வருவார்கள். இரவல் கோட்டும் புதுச் சேலையுமாக விறைத்து நிற்பார்கள். இவர் கேமராவை மூடிய கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “மாப்பிள்ளை, பொண்ணு கடிக்காதுய்யா, கிட்டப் போ!” என்பார். அந்தக் குரலுக்கே மணப்பெண் சிரித்துவிடும். சட்டென்று படம் பிடித்துவிடுவார். பெண்களின் முந்தானையைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கி நிற்பது என் வேலை. ஒவ்வொரு ஜோடியையும் பார்க்கையில் மனசு கொஞ்சம் எரியும்.

1936 தீபாவளிக்கு முந்தின வாரம் காளியப்பனும் அவன் மனைவி செல்லமும் வந்தார்கள். காளியப்பன் நாற்காலியில் உட்காராமல் இவரையே வெறித்துப் பார்த்தான்.

“அலமாக்! நீங்க நெருப்புல விழுந்து செத்தீங்களே சார்! தோட்டத்துல படம் காட்டினாங்களே! மறுநாளே நான் மொட்டை அடிச்சேன்!”

“எனக்கா?”

“ஆமாங்க,” என்றாள் செல்லம். “தாய்மாமன் செத்ததுக்குக்கூட அடிக்காத மனுசன்!”

இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “முடி வளந்துடுச்சுல்ல, விடுய்யா.”

“எங்க பக்கத்துல ஒரு தடவை நில்லுங்க சார். நீங்க உசிரோட இருக்கீங்கன்னு எங்க லயத்து வீட்டு ஜனங்களுக்குக் காட்டணும்.”

சிரிப்பு நின்றது. “வேணாம்பா. நான் எடுக்கிறவன்.”

செல்லம் என் கையைப் பிடித்தாள். “அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்.”

அவர்களுக்காகப் பேசத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“அவங்களோட நிக்க வேணாம். என்னோட நில்லுங்க. யார் யாருக்கோ முந்தானை சரிபண்ணிவிட்டேன், எனக்குன்னு ஒண்ணு இல்ல. நாம ரெண்டு பேரும் சேர்ந்த மாதிரி எனக்கு ஒரு படம் வேணுங்க.”