வாசலுக்கே திரும்பும் பாட்டு

கல்யாணத்தில் பாட்டை முடிக்கிற அதிகாரம், பெரிய வயலின் மாதிரி ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற செல்லோக்காரிக்குத்தான். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறவர் வயலின்காரர்தானே என்பார்கள். ஆட்டட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்த நால்வர் குழுவில் வாசலைப் பார்த்துப் போட்டிருக்கும் நாற்காலி அவளுடையது ஒன்றுதான். மணப்பெண் வாசலில் கால் வைத்ததும் பாட்டு தொடங்கும். அவள் நடந்து மேடைக்கு வந்து சேரும்வரை ஓடியாக வேண்டும். பாதி வழியில் முடிந்தாலும் மானம் போகும், அவள் வந்து நின்ற பிறகு இழுத்தாலும் மானம் போகும். அதனால் ஒரு துண்டையே சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். பெண் வந்துவிட்டால் செல்லோவின் சுரம் ஒரு படி கீழே இறங்கும். மற்ற மூவரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு முடிவுக்குப் போவார்கள். இறங்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஊரார் பெற்ற பெண்களையெல்லாம் வருஷக்கணக்காக அவள் இப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தாள். இன்றைக்கு வரப்போவது அவள் பெற்ற பெண். ஒரே பெண்.

"அக்கா, சுருதி சேர்ந்த கம்பியையே திரும்பத் திரும்ப முறுக்குறீங்களே. இன்னைக்கு வேற ஆளைப் போட்டிருக்கலாம்ல?" என்றார் முதல் வயலின். எந்தப் பாட்டையும் விரட்டிக்கொண்டு ஓடுவதால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

"எம் பொண்ணுக்கு நான் வாசிக்காம வேற யார் வாசிப்பா? நீ ஓடாம இரு தம்பி, அது போதும்."

பின்னால் இரண்டாம் வயலினும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசிப்பவரும் சிரித்தார்கள். அவர்கள் புருஷன் பெண்டாட்டி. வீட்டில் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் வாசிக்கும்போது ஒற்றுமைக்குக் குறைவில்லை.

மனசு இங்கே இல்லாதது நிஜம்தான். சாயங்காலமே மகள் மாப்பிள்ளையோடு விமானம் ஏறுகிறாள். இங்கே விடிந்தால் அங்கே இருட்டுகிற தேசம். கணவன் போன பிறகு இரண்டு பேராக இருந்த வீட்டில் நாளையிலிருந்து ஒருத்திதான். மாப்பிள்ளை தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போடவாவது ஒரு சாக்கு வேண்டாமா?

பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் மகள்தான். பஸ்ஸிலும் துணிக்கடையிலும் ஓயாமல் ஓடி எல்லோர் வாயிலும் புகுந்துவிட்ட ஒரு காதல் பாட்டு. நாலு வரியைப் பார்த்ததுமே அம்மா முகம் சுளித்தாள். "அரைச்ச மாவையே அரைச்சிருக்கான். நாங்க படிச்சதெல்லாம் ஒரு இடத்துல கிளம்பி இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேரும். இது கிளம்பின இடத்துக்கே வந்து நிக்குதே." மகள் கேட்கவில்லை. பிடிவாதம் அம்மாவழிச் சொத்து.

கதவு திறந்தது. வெளிர்நீல உடையில், கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு மகள் நின்றாள். அவசரம் வில்லைத் தூக்கினார். மகள் நடந்தாள். முன்வரிசையில் ஒரு கிழவர் தும்மினார், ஏதோ ஒரு குழந்தை சிணுங்கியது, புகைப்படக்காரர் குனிந்து நிமிர்ந்தார். அதற்குள் அவள் மேடைக்குக் கீழே வந்துவிட்டாள். செல்லோ இறங்க வேண்டிய நேரம்.

அம்மாவின் விரல் இறங்கவில்லை. ஒரே ஒரு சுற்று, பெற்றவளுக்கு அந்த உரிமைகூடவா இல்லை என்று முதல் வரிக்கே திரும்பினாள்.

தலையைத் தூக்கினால் மகள் வாசலில் நிற்கிறாள். முதல் அடியை அப்போதுதான் எடுத்து வைக்கிறாள்.

கிழவர் தும்மினார். குழந்தை சிணுங்கியது. புகைப்படக்காரர் குனிந்து நிமிர்ந்தார். அம்மா, கூட வாசிக்கிற மூவரையும் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் எந்த மாற்றமும் இல்லை. பிரமையாகத்தான் இருக்க வேண்டும். சோதித்துப் பார்ப்போமே என்று இந்த முறையும் இறங்காமல் விட்டாள். மகள் மறுபடியும் வாசலில்.

பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்தை மிதித்துக்கொண்டு ஒரு சந்தோஷம் ஏறியது பாருங்கள், அதை என்னவென்று சொல்வது! விமானம் காத்துக்கிடக்கட்டும், மாப்பிள்ளை நின்றபடியே நிற்கட்டும். மகள் வருகிறாள், வருகிறாள், வந்துகொண்டே இருக்கிறாள். அம்மா கணக்கை விட்டுவிட்டாள். விரல் நுனியில் தோல் உரிந்தது. வில்லில் மயிர் அறுந்து தொங்கியது. அவசரத்தின் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

வெகு நேரம் கழித்துத்தான் பூங்கொத்தைக் கவனித்தாள். இதழ்கள் பழுத்திருந்தன. அடுத்த சுற்றில் கருகியிருந்தன. உடையின் கீழ்விளிம்பு தரையில் இழுபட்டு நைந்திருந்தது. மகள் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். உதட்டில் அதே புன்னகை, ஆனால் யாரோ ஒட்டிவிட்டுப் போனது போல. காதோரம் நரை.

அம்மாவின் விரல் அப்போதும் இறங்கவில்லை. இன்னும் ஒரு சுற்று. வாசலில் இப்போது நின்றது ஏறக்குறைய அவள் வயதுப் பெண். மேடையில் மாப்பிள்ளை அதே இளமையோடு சிரித்துக்கொண்டிருந்தான், அவன் கண்ணில் எதுவும் படவில்லை. இன்னொரு முறை திரும்பினால் மகள் தாயைவிட மூத்துவிடுவாள்.

இறங்க மறுத்த விரலை அம்மா அழுத்தி இறக்கினாள். செல்லோ ஒரு படி கீழே போனது. வியோலா பிடித்துக்கொண்டது, வயலின்கள் பின்தொடர்ந்தன, பாட்டு முடிந்தது. கூடம் கைதட்டியது. மேடையருகே நின்றவள் காலையில் பார்த்த அதே பெண். உடையில் ஒரு கசங்கல் இல்லை, கொத்தில் பூ வாடவில்லை.

"கச்சிதம் அக்கா. ஒரே சுத்துல கொண்டுவந்துட்டீங்க," என்றார் அவசரம்.

பதிவேட்டில் கையெழுத்துகள் முடிந்து, கூட்டம் கலைந்து, மகள் விடைபெற வந்தாள். அணைத்துக்கொண்டவள் உடனே விலகி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடது காலணியைக் கழற்றினாள். குதிகால் ரத்தமாக இருந்தது.

"ரொம்ப வலிக்குதாடி?" அம்மா குனிந்து அந்தக் காலைப் பிடித்தாள். "நீ... உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? நிக்கலாம்னு பார்த்தேன், கால் நிக்கல. கத்தலாம்னு பார்த்தேன், வாய் வரல." மகள் காலணியைக் கையிலேயே எடுத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைத்தான்மா பார்த்துக்கிட்டே வந்தேன், இப்பவாவது விடுவியான்னு. நீ சிரிச்சுக்கிட்டே வாசிச்சே."