புயலுக்கு ஒரு லினக்ஸ்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு கம்ப்யூட்டரைப் போட்டாள். விளையாட்டு திறக்கவில்லை. இந்தச் சிஸ்டத்தில் புதிய பதிப்பு இனி இயங்காது என்று திரையில் ஒரே ஒரு வரி. அதன் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான்.

“என்னடா சரி? எது சரி?” என்று திரையைப் பார்த்தே கத்தினாள்.

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். சந்து பொந்தெல்லாம் புகுந்து வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு நிறுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அப்படி நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து, வீட்டிலும் ஓட்டுவாள். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் மேசையோடு இறுக்கிப் பொருத்திய ஒரு ஸ்டியரிங், கீழே பெடல்கள். அவள் மிதிக்கிற மிதியில் பெடல்கள் பின்னால் ஓடிவிடாமலிருக்க ஒரு மைதா மூட்டையை முட்டுக் கொடுத்திருந்தாள். கணவன் பேக்கரி வைத்திருந்ததால் மைதா மூட்டைக்குப் பஞ்சமில்லை.

அவள் ஓட்டும் விளையாட்டின் பெயர் ‘மண்பாதை’. காடு மலையெல்லாம் கடந்து போகும் கார்ப் பந்தயம். அதில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வழிக்குறிப்பைப் பார்த்து அடுத்த வளைவு என்னவென்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். அவளுக்கு வழி சொல்பவன் அவளுடைய தம்பி. கப்பலில் எஞ்சினியர். கடலில் இருக்கும்போது நெட் எட்டிப் பார்க்காது. நாளைக்கு மதியம் அவன் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். நாளைக்கு மதியம்தான் இருவர் கோப்பைப் பந்தயமும். இப்படி ரெண்டும் ஒன்றாக வாய்த்ததே இல்லை. சாயங்காலம் கப்பல் கிளம்பிவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் தம்பியின் குரலைக்கூடக் கேட்க முடியாது.

சத்தம் கேட்டுக் கணவன் ஓடிவந்தான். முழங்கை வரை மாவு.

“புது விண்டோஸ் போட்டுடலாமா?”

“இந்தக் கிழட்டு மெஷின்ல அது ஏறாதுங்க. போன மாசமே பாத்துட்டோமே.”

“அப்ப லினக்ஸ்தான்” என்று வாசலிலிருந்து ஒரு குரல். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள் நாத்தனார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். வாங்கிப்போன கேக் டப்பாவைத் திருப்பித் தர வந்தவளுக்கு, லினக்ஸ் என்ற பேச்சு எடுத்தால் வந்த வேலை மறந்துவிடும்.

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான் கணவன். “மின்ட் போடலாம். கடையில பில் போடுற மெஷின் அதுலதானே ஓடுது? ஒரு நாளாவது படுத்திருக்கா?”

“பில் போடறதும் பந்தயமும் ஒண்ணா அண்ணா? இதுக்கு ஆர்ச்தான் சரி. எல்லாமே புத்தம்புதுசா வரும்.”

“புதுசா வந்து புதுசா உடையும்.”

“உனக்கு உடைச்சுத்தான் பழக்கம். அதுக்கு ஆர்ச் என்ன பண்ணும்?”

விண்டோஸை விட்டு இருவரும் இலவச லினக்ஸுக்கு மாறி வருஷக்கணக்காகிறது. அதில் அவன் மின்ட் வகை, அவள் ஆர்ச் வகை. அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. வழக்கமாகப் புயல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விடுவாள். இன்று அப்படி விட முடியாது.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க. ஆளுக்கு ஒரு டிஸ்க் எடுத்துக்குங்க. உங்க உங்க லினக்ஸைப் போட்டுக் கொண்டாங்க. காலையில ரெண்டையும் நான் ஓட்டிப் பாக்கறேன். எதுல நல்லா ஓடுதோ அதுலதான் பந்தயம். தோத்தவங்க மூச்சு விடக் கூடாது.”

மறுநாள் காலை முதலில் ஏறியது மின்ட். கணவன் ஒரு டம்ளர் காபியோடு பெருமையாகப் பக்கத்தில் நின்றான். பெருமைப்படக் காரணம் இருந்தது. மெஷின் தடையில்லாமல் எழுந்தது, திரை பளிச்சென்று வந்தது, ஒலி வந்தது, நெட் வந்தது. விளையாட்டுகள் கிடைக்கும் ஸ்டீம் கடையைத் திறந்து விளையாட்டை இறக்கினான்.

“இது விண்டோஸுக்காக எழுதின கேம் ஆச்சே, இதுல எப்படி ஓடும்?” என்று கேட்டாள் புயல்.

“நடுவுல புரோட்டான்னு ஒருத்தர் உக்காந்திருக்காரு. கேம் பேசறதை லினக்ஸுக்குப் புரியற மாதிரி அப்பப்ப மாத்திச் சொல்லுவாரு. நீ அழுத்து.”

அழுத்தினாள். திரை ஒரு கணம் இருண்டது. பிறகு எஞ்சின் உறுமியது!

“வந்துடுச்சு! வந்துடுச்சுங்க!” அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. செம்மண் பாதை கண்முன் விரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள், கார் திரும்பியது. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது.

“ஸ்டியரிங் செத்துக் கிடக்குதே. கையில ஒண்ணுமே தெரியலை. கல்லு, மண்ணு, சேறு எதுவும் தெரியலை.”

நாத்தனார் குனிந்து ஏதோ தட்டிப் பார்த்தாள். “உங்க ஸ்டியரிங் புது மாடல் அண்ணி. அதைத் தெரிஞ்ச டிரைவர் சாஃப்ட்வேர் இதுல இல்லை.”

“டிரைவர் இல்லையா? பின்ன இங்க உக்காந்திருக்கிறது யாரு?”

மூவரும் சிரித்துவிட்டார்கள். கணவனின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. சிஸ்டத்தின் நடு எலும்பான கர்னல் கொஞ்சம் பழையது, ஸ்டியரிங் அதற்குப் பின்னால் வந்தது, அவ்வளவுதான். மின்ட்டிலேயே புதுக் கர்னல் போடலாம் என்று நாத்தனாரே ஒத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் தன்னுடைய டிஸ்க்கை மாட்ட அவள் கை பரபரத்தது.

ஆர்ச் எழுந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் சரசரவென்று ஓடின.

“என்ன இது, வீடு கட்டச் சொன்னா செங்கல்லைக் கொண்டாந்து கொட்டியிருக்க?” என்றான் அண்ணன்.

“அதான் அண்ணா அழகே. எந்தச் செங்கல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

எழுத்துகள் ஓய்ந்து திரை வந்தது. நாத்தனார் விளையாட்டைத் திறந்தாள். புயல் ஸ்டியரிங்கைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அடுத்த நொடி ‘ஐயோ’ என்று கத்தினாள். கைக்குள் பாதை உயிரோடு துடித்தது. சரளைக் கல்லின் நறநறப்பு முழங்கை வரை ஏறியது. சேற்றில் ஸ்டியரிங் வழுக்கி இளகியது, மேட்டில் ஏறி இறங்கும்போது உதறியது. விண்டோஸில் இருந்ததைவிட வேகமாகவே ஓடுவதுபோல் இருந்தது.

“இதான்! இதான் எனக்கு வேணும்!” என்றவள் திடீரென்று நிறுத்தினாள். “ஆமா, எஞ்சின் சத்தம் எங்க?”

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“என்னம்மா, சத்தத்துக்கான செங்கல்லை மறந்துட்டியா?” அண்ணனுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு.

“ஒரு நிமிஷம் இரு, ஒரே ஒரு நிமிஷம்.” காது சிவக்க உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டித் தள்ளினாள். சீக்கிரமே ஸ்பீக்கர் உறுமியது. அந்த உறுமலோடு போட்டியின் தீர்ப்பும் தெரிந்துவிட்டது. கணவன் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மதியம் தம்பி அழைத்தான். பின்னால் கிரேன் ஓசை, யாரோ இரும்பைத் தட்டும் ஓசை.

“அக்கா! கேக்குதா? டெக்ல ஒரு மூலையில நிக்கறேன், இங்கதான் சிக்னல் இருக்கு. வழிக்குறிப்பு கையில தயார். ரெடியா?”

“ரெடிடா!”

பந்தய அறைக்குள் நுழையும் பொத்தானை அழுத்தினாள். திரையில் சின்னச் சக்கரம் சுற்றியது, சுற்றியது, நின்றது. ‘பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை’ என்று வந்து வெளியே தள்ளிவிட்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் தள்ளியது.

“இது திருட்டு ஆட்டத்தைத் தடுக்கிற காவல்காரன்” என்றாள் நாத்தனார். “நம்ம சிஸ்டம் அதுக்குப் புரியலை. சில கேம்ல லினக்ஸையே உள்ள விட மாட்டாங்க அண்ணி. இதுவும் அப்படின்னா நாம ஒண்ணும் பண்ண முடியாது.”

“என்னாச்சு அக்கா?” என்றது தம்பியின் குரல். புயல் மூன்றாவது முறையும் அழுத்தினாள்.

அப்போது கணவன் கைபேசியோடு உள்ளே வந்தான். “விடுவாங்க. இந்தக் கேம்ல விடுவாங்க. லினக்ஸ்ல ஆடற வேற ஆளுங்க நெட்ல எழுதியிருக்கறதைத்தான் காலையிலேர்ந்து படிச்சுக்கிட்டிருக்கேன். அந்தக் காவல்காரனுக்குன்னு தனியா ஒரு துணைப் புரோகிராம் இருக்கு, ஸ்டீம்லயே கிடக்கு, நாம இறக்கலை. அதோட புரோட்டான்லயும் புதுசா வந்ததைத் தேர்ந்தெடுக்கணும். தள்ளு, நான் பாக்கறேன்.”

நாத்தனார் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். தோற்றவன் மூச்சு விடக் கூடாது என்பது யாருக்கும் நினைவில்லை. அவன் தேட, அவள் இடத்தைக் காட்ட, துணை இறங்கத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. புயல் உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்துத் துடைத்து எடுத்தாள். கோடு நிறைந்தது. பொத்தானை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது.

கதவு திறந்தது. பந்தய அறையில் ஜோடி ஜோடியாகப் பெயர்கள், அவற்றின் நடுவே அவர்கள் பெயரும்!

“உள்ள வந்துட்டோம்டா!”

“அப்ப மிதி அக்கா!”

விளக்கு பச்சையானது. கார் பாய்ந்தது.

“இடது மெல்ல... மேடு, விடாதே... வலது கூர், உள்ள வெட்டாதே, பாறை இருக்கு... குறுகல், நேர், நேர், மிதி!” தம்பியின் குரல் ஓட ஓட அவள் கைகள் அதன் பின்னால் ஓடின. மரங்கள் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு போயின. பாலத்தில் சக்கரம் தடதடத்தது. மைதா மூட்டை நகர ஆரம்பித்தது. கணவன் தரையில் உட்கார்ந்து முதுகால் அதை முட்டுக் கொடுத்தான்.

மலை உச்சியில் பனிமூட்டம். “அடுத்து இட...” என்றதோடு தம்பியின் குரல் அறுந்தது.

“தம்பி? டேய்!”

பதில் இல்லை. முன்னால் வெறும் வெள்ளை. புயல் வேகத்தைக் குறைக்கவில்லை. கையைக் கவனித்தாள். ஸ்டியரிங் நறநறத்தால் பாதை நடுவில் இருக்கிறோம், இளகினால் ஓரத்துச் சேறு. இளகியது, இடதுக்கு ஒடித்தாள். மறுபடி நறநறத்தது. இடது பக்கம் ஒரு கம்பம் கண்ணாடியை உரசுவதுபோல் போனது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

“...கேக்குதா? அக்கா! எங்க இருக்க? அந்த இடது வளைவு தாண்டியாச்சா?”

“இப்பத்தான் தாண்டினேன்!”

“வலது நீளம், இறக்கம், அவ்வளவுதான், முடிஞ்சுது, மிதி மிதி மிதி!”

எல்லைக்கோட்டைக் கடந்து கார் நின்றது. பட்டியல் வந்தது. அவர்கள் பெயர் உச்சியில். அறையே அதிர ஒரு கூச்சல். கூச்சல் அடங்குவதற்குள் வேறொரு ஜோடி வந்துசேர்ந்து அவர்களை ஒரு படி கீழே தள்ளியது. அதன் பிறகு யார் வந்தும் அந்த இரண்டாமிடம் அசையவில்லை. இதுவரை பட்டியலின் முதல் பக்கத்தைக்கூட எட்டாதவர்கள் அவர்கள்.

“ரெண்டாவதுடா! ரெண்டாவது!” புயல் அழுதுகொண்டே சிரித்தாள். நாத்தனார் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கணவன் மைதாவிலேயே சாய்ந்து கிடந்தான்.

“சிக்னல் போனதும் எனக்கு உயிரே போயிடுச்சு” என்றான் தம்பி. “மாமாவுக்கும் அவர் தங்கச்சிக்கும் என் தேங்க்ஸைச் சொல்லு. கூப்பிடறாங்க, போகணும். நான் இல்லாதப்ப ஒழுங்கா சாப்பிடு.”

“அதை நான் உனக்குச் சொல்லணும். பாத்துப் போடா.”

அழைப்பு முடிந்தது. அவள் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?” என்று கேட்டான் கணவன்.

விட்டுக்கொடுத்தாள். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக உட்கார்ந்தான். விளக்கு பச்சையானது. கார் பாய்ந்தது, முதல் வளைவிலிருந்த மரத்தின் மேல் நேராகப் போய் ஏறி நின்றது.

“அண்ணா, பிரேக் நடுவுல இருக்கு” என்றாள் தங்கை.