ஃப்ளோரன்ஸ் டீச்சர் பழுத்த விதம்

ஃப்ளோரன்ஸ் டீச்சர் பிறக்கும்போதே பச்சை நிறம். ஒட்டு மாங்காயின் பச்சை, காது மடல்களில் கொஞ்சம் கூடுதல். அந்த வருடம் மீன் விலை ஏறியிருந்ததால் சாந்தோம் மீனைப் பற்றித்தான் பேசியது. அம்மா அல்போன்சா மட்டும் ஒன்றைக் கவனித்தார்: குழந்தையை முற்றத்து வெயிலில் கிடத்தினால் பால் கேட்பதில்லை. அதன் பிறகு குழந்தை அழுதால் தொட்டிலை வெயிலுக்கு இழுத்துவிடுவார்கள். பெண் வளர்ந்து, படித்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சரானார். இலையைப் பற்றிய பாடத்துக்கு அவர் இலை கொண்டுபோவதில்லை. கையை நீட்டிக் காட்டுவார்.

பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனதற்குக் காரணம் நிறமல்ல. காப்பி ஆறிப்போகும்வரை அவர் ஒளிச்சேர்க்கையை விளக்கியதுதான். 1944 கடைசியில் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த வில்லியம் மட்டும் முழுவதையும் கேட்டு, ஆறிய காப்பியைக் குடித்து, "அப்புறம்?" என்றார். அவர் மாம்பலம் ஸ்டேஷனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். இந்த மனிதரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று ஃப்ளோரன்ஸ் அந்த 'அப்புறம்' காதில் விழுந்தபோதே முடிவு செய்துவிட்டார்.

வில்லியமின் அப்பா இக்னேஷியஸ் கூட்ஸ் வண்டி கார்டு. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார், சவரம் செய்துகொள்வார், பூசையில் நன்மை அப்பம் வாங்குவார். பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். "பச்சை. லைன் கிளியர்" என்றார். சம்பந்தம் முடிவானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பதால் மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து ஜனவரியில் நாள் குறித்தார்கள்.

தவறு நிச்சயதார்த்தத்தன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாழைத்தார்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடத்தில் ஆட்கள் உட்கார இடம் வேண்டுமே என்று தார்களையெல்லாம் ஃப்ளோரன்ஸின் அறையில் அடுக்கிக் கதவைச் சாத்தினார் அல்போன்சா. பழுக்கிற பழம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை விடும். அது பக்கத்துக் காயையும் பழுக்கச் சொல்லும். அந்த வாரம் முழுவதும் ஃப்ளோரன்ஸ் அந்த அறையில்தான் தூங்கினார். தார் பழுத்தபோது அவரும் மஞ்சளானார்.

அல்போன்சா தலையில் அடித்துக்கொண்டார். ஃப்ளோரன்ஸோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். "இது புதுசா வந்த மஞ்சள் இல்லம்மா. எல்லா இலையிலயும் பச்சைக்கு அடியில இருந்துகிட்டேதான் இருக்கு. வெயில் அதிகமா அடிச்சா பச்சையத்தால அவ்வளவையும் தாங்க முடியாது, கருகிடும். மிச்ச வெயிலை இந்த மஞ்சள்தான் வாங்கிச் சூடா வெளியில விட்டுடும். மொட்டை மாடியில மழைத்தண்ணி போக ஓட்டை வெக்கறோமே, அது மாதிரி. பச்சை கலைஞ்சிடுச்சா, அடியில இருந்தது தெரியுது."

"உன்னை இருட்டுலயே பெத்திருக்கணும்" என்றார் அம்மா.

விஷயம் கேள்விப்பட்டு இக்னேஷியஸ் வந்தார். நின்றபடியே பார்த்தார். "மஞ்சளா? பரவால்ல, மெதுவா போலாம். ஆனா ஒண்ணு சம்பந்தியம்மா. சிவப்பு வந்துச்சோ, வண்டி நின்னுடும். என் சர்வீஸ்ல சிவப்பைத் தாண்டினதே இல்ல. மருமகளுக்காவும் தாண்ட மாட்டேன்."

ஃப்ளோரன்ஸுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. தான் வாழை வகையா தக்காளி வகையா என்று தெரியவில்லை; தக்காளி மஞ்சளோடு நிற்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். சிவப்பு அடியில் ஒளிந்திருப்பதல்ல, புதிதாகச் செய்யப்படுவது. செடி இரண்டு சிறிய மூலக்கூறுச் சரடுகளை முடிந்து ஒரு நீளச் சரடாக்குகிறது. அதற்கு நிறமே கிடையாது. அதை நீவி நீவி விட்டால் சிவப்பு. சிவப்புச் சரடின் இரு முனைகளையும் வளைத்துச் சுருக்குப் போட்டால் ஆரஞ்சு. எவ்வளவு நிறம் என்பதைச் செடி பெரும்பாலும் அந்த முதல் முடிச்சிலேயே தீர்மானிக்கிறது, தெருக்குழாயைத் திருகுவதுபோல. அந்தக் குழாயைத் திருக வெளியிலிருந்தும் ஒரு வழி உண்டு. கடும் வெயில் காலத்தில் தக்காளி மஞ்சளோடு நின்றுவிடும். சூடு கூடினால் சிவப்பு உருவாகாது.

ஆனால் அது மார்கழி. எனவே ஃப்ளோரன்ஸ் பள்ளி விட்டதும் அப்துல் வஹீதின் ரொட்டிக் கடைக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் திருத்தினார். இரவில் வெந்நீர் நிரப்பிய புட்டிகளைக் கட்டிக்கொண்டு படுத்தார்.

"இன்னா டீச்சர், இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தா உன்னையும் வெட்டி வித்துடுவேன்" என்றார் அப்துல் வஹீத்.

"மஞ்சளாத்தானே இருக்கேன் பாய்?"

"பன்னு மாதிரி கீறே. மேல கொஞ்சம் வெண்ணெய் தடவணும், அவ்ளோதான்."

வில்லியம் மாலை வண்டியை அனுப்பிவிட்டு வந்து அடுப்பின் மறுபக்கம் உட்காருவார். ஃப்ளோரன்ஸ் சரடையும் முடிச்சையும் விளக்குவார். வில்லியம் வியர்த்துக்கொண்டே பன் தின்று, "அப்புறம்?" என்பார்.

கல்யாணத்தன்று பருவம் தப்பிய மழை பெய்தது. கடலிலிருந்து குளிர்காற்று வீசியது. கோயிலின் கல் தரையில் ஃப்ளோரன்ஸ் வெறுங்காலோடு நடந்தார். வாசலில் கால்விரல்கள் சிவந்தன. நடுவழியில் முகம் சிவந்தது. முக்காட்டுக்குள் ஒரு நல்ல தக்காளி நடந்து வந்ததைச் சபையே பார்த்தது. இக்னேஷியஸ் பெஞ்சிலிருந்து எழுந்தார், சிவப்புக் கொடியைப் பிரித்தார், பாதையின் குறுக்கே நின்றார். ஆர்மோனியம் நின்றது. சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சட்டம் சட்டம்தாம்மா" என்றார் இக்னேஷியஸ். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்கு மட்டும் ஆசையா?"

பத்தடி தூரத்தில் வில்லியம் நின்றார். ஃப்ளோரன்ஸ் அழுதிருக்கலாம். ஆனால் எதுவும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. "மாமா, ஒரு சந்தேகம். சிக்னல் பழுதாகிச் சிவப்புலயே மாட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க? ராத்திரி பூரா நிப்பீங்களா?"

"அதெப்படி? ஸ்டேஷன்காரன் வந்து கையால பச்சைக்கொடி காட்டுவான். அப்பாலதான் எடுப்போம்."

"இங்க ஸ்டேஷன்காரர் யாரு?"

கோயில் முழுவதும் வில்லியமைப் பார்த்தது. அவர் அவசரமில்லாமல் நடந்து வந்து, அப்பாவின் கக்கத்திலிருந்து பச்சைக் கொடியை உருவி, ஃப்ளோரன்ஸின் முகத்துக்கு நேரே மூன்று தடவை அசைத்தார். இக்னேஷியஸ் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். சிவப்பைச் சுருட்டினார், பாதையை விட்டு விலகினார், விசில் ஊதினார். மணப்பெண் புறப்பட்டார்.

மேற்கு மாம்பலம் குவார்ட்டர்ஸுக்கு வந்த சில மாதங்களில் சிவப்பின் முனைகள் ஒவ்வொன்றாகச் சுருக்கு விழுந்து ஃப்ளோரன்ஸ் ஆரஞ்சு நிறத்தில் நிலைத்தார். மார்கழியில் கொஞ்சம் சிவப்பார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கம்பளியை வெளியே எடுப்பார்கள். 1947இல் பெண் குழந்தை பிறந்தது. இக்னேஷியஸ் துணியை விலக்கிப் பார்த்தார். தொட்டிலை வெயில் விழும் ஜன்னலுக்கு நகர்த்தினார்.

"லைன் கிளியர்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார்.