ஐந்து வெற்றி, ஏழு தோல்வி, ஓர் அழைப்பு

நவம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு. வெர்னா க்ராட்ஸ் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகக் கண் விழித்தாள். முந்தின நாள்தான் டன்மோர் பல்கலைக்கழகத்து அமெரிக்க ஃபுட்பால் அணி இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தையும் கோட்டைவிட்டிருந்தது. பன்னிரண்டு ஆட்டத்தில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. ஆறு ஜெயித்திருந்தால் டிசம்பரில் தெற்கே எங்காவது ஒரு பவுல் ஆட்டத்துக்கு, பருவம் முடிந்தபின் கம்பெனிகள் கோப்பை வைத்து நடத்தும் கூடுதல் ஆட்டத்துக்கு, கூப்பிட்டிருப்பார்கள். ஐந்தை யார் சீந்தப்போகிறார்கள்?

தோற்றதில் அவளுக்கு வருத்தம்தான். அந்த அணியின் நூற்றுச் சொச்சம் பையன்களுடைய படிப்பைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினோரு வருடங்களாக அவர்களைக் காலை ஆறு மணிக்குப் படிப்பறையில் உட்காரவைத்து, வராதவனை அறைக்கே போய்க் கதவைத் தட்டி எழுப்பி, கட்டுரை எழுதாதவனின் காதைத் திருகாத குறையாக எழுதவைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். இந்த டிசம்பரிலாவது பரீட்சை முடிந்த கையோடு கிளம்பி, அரிசோனாவில் தங்கை வீட்டில் வெயில் காயலாம் என்று பன்னிரண்டாம் தேதிக்கு விமான டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள்.

சமையலறை மேஜையில் அவள் கணவன் மெர்ல் முட்டையைக் குத்திக் குதறிக்கொண்டிருந்தான். டயர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவன். இருபத்தாறு வருடமாக அந்த மைதானத்தில் அதே இரண்டு இருக்கை.

"பதிமூணு பாயிண்ட் முன்னாடி இருந்தானுங்க வெர்னா. கடைசிக் கால்மணி நேரம். அப்படியே தூக்கித் தாரை வார்த்துட்டானுங்க. கோச்சைக் காலைலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம், ரேடியோல சொன்னான். நல்ல வேளை."

"முடிஞ்சுதுல்ல. விடு."

மத்தியானம் இரண்டு மணிக்கு ராய் பெல்கி கூப்பிட்டார். தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். காலையில் தலைமைக் கோச்சை நீக்கியதும் தற்காலிகமாக அந்த நாற்காலி இவர் தலையில் விழுந்திருந்தது.

"வெர்னா, உக்காந்திருக்கியா?"

"துணி மடிச்சுக்கிட்டிருக்கேன். சொல்லு."

"நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. அலபாமால. மெத்தைக் கம்பெனி நடத்துற பவுல். டிசம்பர் பதிமூணு."

வெர்னா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "ராய், நாம அஞ்சுதான் ஜெயிச்சிருக்கோம்."

"எனக்குத் தெரியாதா? எல்லாப் பவுலுக்கும் சேத்து எண்பத்திரண்டு இடம் இருக்கு. ஆறு ஜெயிச்ச அணி எண்பதுதான் தேறிச்சு. மிச்சம் ரெண்டு இடத்துக்கு, அஞ்சு ஜெயிச்சவங்கள்ல யார் பசங்க ஒழுங்காப் படிக்கிறாங்கன்னு பாத்து எடுக்குறாங்க. அந்தப் பட்டியல்ல நாமதான் முதல்."

அவள் துணிக் கூடையைக் காலால் தள்ளினாள்.

"உன்னாலதான் வெர்னா. நீ இல்லேன்னா..."

"அதை என் தலையில கட்டாதே," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மெர்ல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "கிடையாது! ஆறே கேவலம். பாதி தோத்தவனுக்கு ஒரு கோப்பை, பாட்டு, பை நிறையப் பரிசு. இப்ப பாதிக்கு மேல தோத்தவனுக்கும் உண்டா? நான் பள்ளிக்கூடம் படிக்கறப்ப எட்டு ஜெயிச்சவனே பேசாம வீட்ல உக்காந்து டிவி பாத்தான். அடுத்த வருஷம் என்ன, மூணு ஜெயிச்சா போதுமா? பஸ் ஓட்டத் தெரிஞ்சா போதுமா?"

"என்கிட்ட ஏன் கத்துற? எனக்கும் அதே எரிச்சல்தான். அது பரீட்சை வாரம், மெர்ல். புதன்கிழமையே கிளம்பணும். படிப்புல ஒழுங்கா இருக்காங்கன்னு பரிசு குடுக்குறவன், பரீட்சை எழுத விடாம இழுத்துட்டுப் போறான். இதுல எவனுக்காவது மூளை இருக்கா?"

"உன் அரிசோனா?"

அவள் துணியை மடிக்காமல் அப்படியே கூடைக்குள் திணித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெல்கி பையன்களைக் கூட்டினார். போவதா வேண்டாமா என்பதை ஆடுகிறவர்களே சொல்லட்டும் என்றார். வெர்னா பின்சுவரில் சாய்ந்து நின்றாள். எல்லோரும் துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. தோளில் கட்டோடு ஒருவன், "எனக்குப் போதும்டா சாமி. நாளன்னிக்கு ஆபரேஷன் தேதி வாங்கியிருக்கேன்" என்றான். இன்னொருவன், "ஊரே சிரிக்குது. ரேடியோல நம்மளை என்ன சொல்றான் தெரியுமா? பிச்சைக்காரப் பவுலாம்" என்றான். "சிரிச்சா சிரிக்கட்டும், இலவசமாக் கடல் பாக்கலாம்டா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

யாரோ திரும்பி அவளைக் கேட்டார்கள். "மிசஸ் க்ராட்ஸ், நீங்க சொல்லுங்க. எங்களுக்குத் தகுதி இருக்கா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இல்ல. ஏழு ஆட்டம் தோத்திருக்கீங்க. அதுல மூணு நீங்களாத் தூக்கிக் குடுத்தது. பன்னிரண்டு வாய்ப்புல வாங்காததைப் பதிமூணாவதா ஒருத்தன் கையில வெக்கிறான். எனக்குப் பிடிக்கல."

நடுவரிசையில் கோல்பி ஆஸ்டர் எழுந்தான். களத்தில் முன்வரிசையின் நடுவில் நிற்பவன். ஒவ்வொரு முறையும் குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு முன்னால் வருகிறவனை முட்டித் தள்ளுவது அவன் வேலை. முந்நூறு பவுண்டு உடம்பு. நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். மைதானத்தில் யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதே கிடையாது.

"மேடம், நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆட்டத்துல தோத்தோம். ஆனா அவங்க ஆட்டத்தைப் பாத்துக் கூப்பிடல. நாங்க காலைல ஆறு மணிக்கு உங்க ரூம்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்ததைப் பாத்துக் கூப்பிட்டிருக்காங்க. நாலு வருஷத்துல நாங்க உருப்படியா ஜெயிச்சது அது ஒண்ணுதான். அதுக்கும் தகுதி இல்லேன்னு நீங்களே சொன்னா எப்படி?"

வெர்னாவுக்குச் சுள்ளென்று ஏறியது. அவன் சொன்னது தப்பு என்று தெரிந்தது. எந்த இடத்தில் தப்பு என்று சட்டென எடுத்துக் காட்ட முடியவில்லை. "உக்காரு கோல்பி," என்றாள்.

சீட்டில் எழுதி ஓட்டுப் போட்டார்கள். போகலாம் என்று அறுபத்தொன்று, வேண்டாம் என்று முப்பத்தெட்டு.

மறுநாளிலிருந்து அவள் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். நாற்பத்து மூன்று பையன்களுக்கு முப்பத்தொரு பரீட்சைகளை அலபாமாவில் தங்கப்போகும் ஓட்டலுக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலான பேராசிரியர்கள் முனகிக்கொண்டே சம்மதித்தார்கள். உடற்கூறு நடத்தும் லிண்ட்ஸ்ட்ரம் மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"ஏழு ஆட்டம் தோத்த பசங்க. அவங்க உல்லாசப் பயணத்துக்காக நான் கேள்வித்தாளை உறைல போட்டுக் குடுக்கணும்?"

"ஆமா டாக்டர்."

"இது பல்கலைக்கழகமா, சர்க்கஸா?"

"நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஊசி போடப்போறவன் கோல்பி. படிக்க வேண்டிய வாரத்துல அலபாமால எறால் தின்னுக்கிட்டு..."

"டாக்டர், நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் சரி. என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்றார், இன்னும் கொஞ்சம் சத்தமா. இப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்டார். வெர்னா காருக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை திட்டவில்லை. "பரவாயில்லக்கா, அடுத்த வருஷம் வா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது வெர்னாவுக்கு.

அலபாமாவில் கடலோர ஓட்டல். வியாழன் மத்தியானம் இரண்டு மணிக்கு விருந்துக் கூடத்தில் பரீட்சை. கூடத்தை நடுவில் மடக்குத் தட்டியால் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் பதினான்கு பையன்கள் கேள்வித்தாளைப் பிரித்த நேரத்தில், அந்தப் பக்கம் மெத்தைக் கம்பெனியின் வரவேற்பு விருந்து தொடங்கியது. டிரம் சத்தம். பிறகு ஒலிபெருக்கியில் இறால் தின்னும் போட்டி. எண்ணிக்கை சொல்லிச் சொல்லிக் கூட்டம் கூவியது. கோல்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னா தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பொறுப்பாக யாரும் கண்ணில் படவில்லை. ஆளுயர மெத்தை வேஷம் போட்டு ஆடிக்கொண்டிருந்தவன்தான் அகப்பட்டான். அவனுடைய ஓரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, அந்தப் பக்கம் பரீட்சை நடக்குது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லு."

மெத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன பரீட்சை மேடம்? இது பவுல் வாரம்!"

"இவங்களை நீங்க கூப்பிட்டதே படிக்கிற பசங்கன்னுதான்யா!"

"எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். நான் டான்ஸ் ஆட வந்தவன்."

அவன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவளே போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள். ஐந்து நிமிடம் அமைதி கிடைத்தது. யாரோ மறுபடி சொருகிவிட்டார்கள்.

சனிக்கிழமை, ஆட்டத்தன்று, மழை. ஓட்டல் லிஃப்டில் எதிரணிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி வெர்னாவை மேலும் கீழும் பார்த்தாள். அவர்கள் லூசியானாக்காரர்கள், ஒன்பது வெற்றி.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒன்பது ஜெயிச்சுட்டு, அஞ்சு ஜெயிச்ச உங்களோட ஆட வெச்சுட்டாங்களேன்னு எங்க பசங்களுக்கு ஒரே அவமானம்."

"உங்க பசங்களுக்காவது அவமானம் மட்டும்தான். எனக்கு முப்பத்தொரு பரீட்சை," என்றாள் வெர்னா.

மைதானத்தில் மெர்ல் உட்கார்ந்திருந்தான். வரமாட்டேன் என்று சத்தியம் செய்தவன், பதினான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் சுருண்டிருந்தான்.

"என்ன இந்தப் பக்கம்?"

"திட்டறதுன்னா நேர்ல திட்டணும்."

சுற்றிலும் வெற்று இருக்கைகள். முதல் பாதியில் பதினேழு பாயிண்ட் பின்னால் கிடந்தார்கள். மெர்ல் திட்டத் தொண்டை போதவில்லை. இரண்டாம் பாதியில் எதிரணி அலட்சியமாக ஆடியதா, மழையில் பந்து வழுக்கியதா தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இவர்கள் நெருங்கினார்கள். கடைசி நாற்பது விநாடி, நான்கு பாயிண்ட் பாக்கி, கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம். இரண்டு முறை முட்டி இரண்டு முறையும் நின்றுபோனது. மூன்றாவது முறை கோல்பி குனிந்து பந்தைக் கொடுத்துவிட்டு எழுந்த வேகத்தில், எதிரே இருந்தவனை மட்டுமல்ல, அவனுக்குப் பின்னால் நின்றவனையும் சேர்த்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். பந்தோடு வந்தவன் அவன் முதுகைப் பிடித்தபடி நடந்தே உள்ளே போனான். ஆறு பாயிண்ட், ஆட்டம் கையில்.

வெர்னா தன்னை அறியாமல் இருக்கைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். "கோல்பி! கோல்பி!" என்று அவள் குரல் அந்தக் காலி மைதானத்தில் தனியாகக் கேட்டது. சட்டென வெட்கமாகி இறங்கினாள். மெர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மழைத்தண்ணி," என்றான். பிறகு, "ஆறு வெற்றி, ஏழு தோல்வி. கணக்குப் பாத்தா இன்னும் தோத்த அணிதான்."

"வாயை மூடு மெர்ல்," என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி முதல் வாரம் மதிப்பெண்கள் வந்தன. ஓட்டலில் பரீட்சை எழுதியவர்களில் ஒன்பது பேருக்குத் தோல்வி. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே பருவத்தில் நாலு பேருக்கு மேல் தவறியதே கிடையாது. கோல்பிக்கு உடற்கூறில் நான்கு மதிப்பெண் குறைவு. மே மாதம் அவன் பட்டம் வாங்க முடியாது. ஆகஸ்டில்தான் மறுபடி நடக்கும் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்து, டிசம்பர்வரை இருக்க வேண்டும்.

வெர்னா நிர்வாகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினாள். படிப்பைக் காட்டி வாங்கிய அழைப்பு படிப்பைத் தின்றுவிட்டது, இனி ஆறு ஜெயிக்காத வருடம் எவன் கூப்பிட்டாலும் மாட்டோம் என்று சொல்லுங்கள் என்று எழுதினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. மறக்கமுடியாத வெற்றியில் அவளுடைய பங்குக்கு மனமார்ந்த நன்றி, இத்துடன் கோப்பையோடு அணி நிற்கும் படம். படத்தை இரண்டு தரம் பார்த்தாள். மேஜை இழுப்பறையை அறைந்து சாத்தினாள்.

அன்று கோல்பி வந்தான், பாடத்தைத் திரும்ப எடுப்பதற்கான படிவத்தோடு.

"உனக்குக் கோபமே வரலையாடா?"

"வந்துச்சு மேடம். ரெண்டு நாள் இருந்துச்சு."

"அரை வருஷம் போச்சு உனக்கு. ஒரு மெத்தைக் கம்பெனிக்காக."

அவன் நாற்காலியில் உட்கார, அது முனகியது. "மைதானத்துல யாரோ என் பேரைச் சொல்லிக் கத்தினாங்க மேடம். நாலு வருஷத்துல முதல் தடவை. எங்கம்மா வரல. யாருன்னு தெரியல. மறுபடி கூப்பிட்டா மறுபடி போவேன்."

வெர்னா நிமிரவில்லை. அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், போனது சரிதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பாடத்தை மீண்டும் எடுக்கக் காரணம் என்ற இடத்தில், பெரிய கோணல் எழுத்தில் 'பவுல் ஆட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

அடித்துவிட்டு ஒழுங்காக எழுதச் சொல்லலாம் என்று நினைத்தாள். லிண்ட்ஸ்ட்ரம் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்றும் தோன்றியது. பார்க்கட்டும். கையெழுத்துப் போட்டு அவனிடமே நீட்டினாள்.

"இதை நீயே கொண்டுபோய் டாக்டர் லிண்ட்ஸ்ட்ரம் கையில குடு. நான் வரமாட்டேன்."