ஹோல்டேன்

அனுசுயா காரைக்குடி டிப்போவில் கண்டக்டராகச் சேர்ந்த அன்று அவளைப் பார்க்கவே நாலு பேர் வந்து நின்றார்கள். அவள் அப்பா கோட்டைச்சாமி அதே டிப்போவில் கண்டக்டராக இருந்து, வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போனவர். வாரிசு வேலைக்கு அவள் மனுப் போட்டபோது, எம்.ஏ. இங்கிலீஷ் படித்த பெண், ஆபீசில் ஒரு நாற்காலி கேட்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கேட்டது பஸ்ஸை.

ஆனால் பஸ்ஸின் பேச்சு அவள் வாயில் வரவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்ல கண்டக்டர்கள் போடும் சத்தம் 'ஹோல்டேன்'. வெள்ளைக்காரன் காலத்து 'ஹோல்ட் ஆன்' நம்மவர்கள் நாக்கில் உருண்டு உருண்டு அப்படி ஆகிவிட்டது. சின்ன வயதில் அது தமிழ் என்றே அவள் நினைத்திருந்தாள். கல்லூரியில் முதல் வருஷம் பேச்சுவாக்கில் அதைச் சொல்லப்போய் வகுப்பே சிரித்தது. "பஸ் ஸ்டாண்டு இங்கிலீஷ்" என்றாள் ஒருத்தி. அன்றோடு அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள்.

அதனால் இப்போது வண்டியில் நின்றுகொண்டு பளிச்சென்ற உச்சரிப்பில் "ஸ்டாப்" என்றாள். டிரைவர் முத்தரசுவின் கால் பிரேக்குக்குப் போகவில்லை. அது பாசஞ்சர்கள் நாள் முழுக்கக் கத்துகிற சொல்.

"விசில் குடுத்துருக்காகல்ல, அதை ஊதும்மா" என்றார்.

ஊதினாள். வண்டி நின்றது. ஆனால் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் அவளைக் கூப்பிடவே மாட்டார். பக்கத்து வண்டிக் கண்டக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டு, அவர் குரலை நம்பித்தான் எடுப்பார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூருக்கு ஸ்பெஷல் பஸ் விட்டபோது இவர்கள் வண்டியும் போனது. வெயில் இறங்குவதற்கு முன்பே ஊர் நிறைந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் பஸ்களை நிறுத்தச் சொன்னார்கள். கிடைத்த இடம் ஒரு வேப்பமரத்துக்கு முன்னால். பின்னால் எடுத்துத்தான் விட வேண்டும். மரத்தடியில் ஒரு குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது. கிளையில் பிள்ளைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

முத்தரசு இரண்டு பக்கமும் பார்த்தார். மற்றக் கண்டக்டர்கள் எல்லோரும் அவரவர் வண்டிக் கூட்டத்தில் சிக்கியிருந்தார்கள். அதற்குள் அனுசுயா இறங்கிவிட்டாள்.

"நான் பாக்குறேண்ணே. நீங்க எடுங்க."

"பின்னாடி ஆளுக உக்காந்திருக்காகம்மா. கண்ணாடியில ஒண்ணும் தெரியல."

"எனக்குத் தெரியுதுண்ணே."

அந்தக் குடும்பத்தை எழுப்பித் தள்ளி உட்கார வைத்தாள். தூளியிலிருந்த பிள்ளையைத் தாயின் கையில் எடுத்துக் கொடுத்தாள். பிறகு வண்டியின் பின்னால் வந்து நின்றாள். நாலா பக்கமும் போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். தன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனவள், இது முத்தரசுவின் காதுக்குப் பத்தோடு பதினொன்று என்று கீழே விட்டாள். கை வண்டியின் தகரத்தைத் தட்டியது. குரல் தானாக எழும்பியது.

"ரைட்டே... வரட்டும், வரட்டும்..."

வண்டி மெல்ல ஊர்ந்தது. எங்கிருந்தோ விளக்குத் தட்டோடு ஒரு ஆள் குனிந்தபடி குறுக்கே நுழைந்தான்.

"ஹோல்டேன்."

அடிவயிற்றிலிருந்து வந்தது அது. பொட்டல் முழுக்க இருந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போய் முத்தரசுவின் காலைத் தொட்டது. வண்டி அப்படியே நின்றது. குறுக்கே வந்தவன் தட்டு கலையாமல் கடந்து போனான். "ரைட்டே" என்றாள் மறுபடி. மரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது இன்னொரு ஹோல்டேன்.

முத்தரசு இறங்கிப் பின்னால் வந்து, மரத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தச் சொல்ல இத்தன நாளா எங்கம்மா வச்சிருந்த?"

"உள்ளதாண்ணே இருந்துச்சு."

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பையன், முதுகில் கம்ப்யூட்டர் பை, சிரித்துக்கொண்டே கேட்டான். "ஹோல்டேன்னா என்ன பாஷைக்கா?"

முன்பு சிரிப்பைக் கேட்டால் கூசிப்போகிறவளுக்கு அன்று கூச்சம் வரவில்லை. "இங்கிலீஷ்தான் தம்பி. எங்க டிப்போ இங்கிலீஷ்" என்றாள்.

அடுத்ததாக உள்ளே நுழைந்த தேவகோட்டை வண்டியின் டிரைவர் செம்மலை, ஜன்னலில் தலையை நீட்டி, "யாருய்யா அது, குரல் கணீர்னு இருக்கு?" என்றார்.

"எங்க கண்டக்டர்" என்றார் முத்தரசு. சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் காக்கிப் பேண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கும் கொஞ்சம் பின்னாடி பாத்துச் சொல்லுங்க. என் ஆளு கூட்டத்துல மாட்டிக்கிட்டான்" என்றார் செம்மலை.

அனுசுயா அந்த வண்டிக்கும் போய் நின்றாள். பிறகு சிவகங்கை வண்டி. அதன்பிறகு வந்தவர்கள், "அந்தப் பொண்ணு இங்குட்டு வரட்டும்" என்று காத்திருந்தார்கள். ஒரு வரிசை முழுக்க அவள் குரலில்தான் போய் நின்றது.

வேலை முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டாள். பேச்சே வரவில்லை, காற்றுதான் வந்தது.

"என்னடி தொண்ட இப்பிடிக் கட்டிக்கிடக்கு? யாருகூடச் சண்ட போட்ட?" என்று பதறினாள் அம்மா.

"சண்ட இல்லம்மா" என்றாள் அனுசுயா. "டூட்டி பாத்தேன்."