ஜெபத்தில் வைத்தது

அக்சா ஜெபித்து முடித்ததும் யாரும் உடனே ஆமென் சொல்லவில்லை. ஒரு மூச்சு நின்று, பிறகுதான் சொன்னார்கள். ஏசம்மாள் அதைக் கவனித்தாள். ராஜபாளையத்தில் இந்தச் செவ்வாய்க்கிழமைப் பெண்கள் கூட்டத்தைத் தொடங்கி நடத்துகிறவள் அவள். அவள் ஜெபத்துக்கும் ஆமென் வரும். ஆனால், இவ்வளவு நேரமானதே என்பதுபோல் சட்டென்று வரும்.

பிரிஸ்கில்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஏட்டி அக்சா, நீ ஜெபிச்சா ஆண்டவரே எந்திரிச்சு உக்காந்து கேப்பாருட்டி."

"அப்ப நான் ஜெபிக்கையில படுத்திருந்தாராக்கும்?" என்றாள் ஏசம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அக்சா பெரிதாக எதுவும் சொல்வதில்லை. 'பயமா இருக்கு ஆண்டவரே' என்பாள், பக்கத்து வீட்டில் பேசுவதுபோல. ஏசம்மாளுக்கு வசனங்கள் அத்தனையும் மனப்பாடம். பாத்திரம் கழுவும்போது தனியாக அக்சாவைப்போல் சொல்லிப் பார்த்தாள். அடுத்தவள் சட்டையைப் போட்டதுபோல் தோளில் நிற்கவில்லை.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அக்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டாளத்தில் இருக்கும் புருஷன் பெனினைப் பற்றிச் சொன்னாள். "லீவுல வந்து ஒரு மாசமாச்சுக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வேற ஒருத்தி வீட்டுல இருக்காவ. நீங்க மட்டும் ஜெபத்துல வச்சுக்கோங்க. வெளிய தெரிய வேண்டாம்." அன்று ஏசம்மாள் அழுதது உண்மைதான்.

"முடிவு ஜெபம் ஏசம்மாக்கா பண்ணுங்க," என்றாள் வீட்டுக்காரி ஸ்வீட்லின். "செத்த சுருக்கமா. டீ ஆறிரும்."

எல்லோரும் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்களை மூடினார்கள். ஏசம்மாள் வழக்கம்போல் ஸ்தோத்திரத்தில் தொடங்கினாள். சுருக்கமா என்ற சொல் உள்ளே கிடந்து அறுத்தது. ஆண்டவரிடம் சொல்வது வெளியே சொல்வதாகுமா?

"தகப்பனே, உம்முடைய மகள் அக்சாவுக்கு இரங்கும். கட்டுன புருஷன் இன்னொருத்தி வீட்டுல கெடக்கான் ஆண்டவரே. இந்தப் புள்ள யார்ட்டப் போயிச் சொல்லும்?"

"ஐயோ," என்றாள் பிரிஸ்கில்லா. அறை முழுக்க 'இயேசுவே, இயேசுவே' என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஏசம்மாளுக்கு ஒரு வசனமும் குறுக்கே வரவில்லை. இதுவரை வாய்க்காத சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. இப்படி அவள் ஒருநாளும் ஜெபித்ததில்லை. நிறுத்த மனமில்லாமல்தான் நிறுத்தினாள்.

ஆமென் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். பெண்கள் எல்லோரும் வேண்டியதைவிட இறுக்கமாகக் கண்களை மூடியிருந்தார்கள். அக்சா மட்டும் முக்காடு சரிந்தது தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறாள், யாரிடம் சொல்கிறாள் என்று ஏசம்மாளுக்குத் தெரியவில்லை.