இரும்புக்குப் போட்ட தையல்

எஞ்சின் உடைந்த அன்று பத்துப் பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள். உடைந்ததை ஒட்டப் போய் இன்னும் உடைத்த அன்று ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வெல்டரின் மனைவிக்கு அதுதான் ஆறவில்லை. மனிதர்கள் விபத்துக்கு இரக்கப்படுவார்கள், தப்புக்கு இரக்கப்பட மாட்டார்கள்.

முதலில் நடந்தது விபத்து. அது பழைய நீராவி எஞ்சின். ஆர்வலர்கள் சங்கம் அமைத்து அதைக் காப்பாற்றி வைத்து, வார விடுமுறைகளில் இரண்டு பெட்டி மாட்டி மலை உச்சி வரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்கு விசில் என்று பட்டப்பெயர். வழியில் ஆடு நின்றாலும் விசிலை இழுப்பார், நிற்காவிட்டாலும் இழுப்பார். ஒரு குளிர்ந்த காலையில், சிலிண்டருக்குள் தேங்கியிருந்த தண்ணீர் முழுதாக வடிவதற்குள் அவர் வண்டியை நகர்த்திவிட்டார். ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் போய் முட்டியதில் வலப்பக்கச் சிலிண்டரின் மூடி உடைந்து, வாய் விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது.

அடுத்து நடந்தது தப்பு. அதைச் செய்தவர் வெல்டர். எஞ்சின் நிற்கும் ஷெட்டில் அவர் கைபடாத இரும்பு கிடையாது. அந்தப் பெருமையும் அவருக்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் சிலிண்டர் வார்ப்பிரும்பு. அதை மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். இது தெரியாதவரில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை வண்டி ஓடியே ஆகணும்" என்று சங்கத் தலைவர் தலைமேல் நின்று கத்த, இவரும் வீம்புக்குச் சூடேற்றாமலே பற்றவைத்துவிட்டார். ஆறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சாண் விரிசல் முழ விரிசலாகவே ஆயிற்று.

தலைவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கிழிந்த துணியைத் தள்ளுபடி மேஜைக்குத் தள்ளிப் பழகியவர், எஞ்சினையும் அப்படியே தள்ளப் பார்த்தார்.

"பூங்கா வாசல்ல நிறுத்திடலாம். பீடம் கட்டச் சொல்லியாச்சு. பெயிண்ட் அடிச்சா ஜம்முனு இருக்கும். வர்றவங்க போட்டோ எடுத்துக்கட்டும்" என்றார் கூட்டத்தில்.

விசில் தலையைக் குனிந்துகொண்டார். வெல்டர் சுவரைப் பார்த்தார். நெருப்பு அணைந்த எஞ்சின் வெறும் கழிவிரும்பு என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். கடைசி வரிசையிலிருந்து வெல்டரின் மனைவி எழுந்தாள்.

"நான் தைச்சுப் பாக்கறேன்."

"எதை? சட்டையையா?" என்று எவனோ கேட்க, கொல்லென்று சிரிப்பு.

சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சாப்பாட்டுக் கேரியரோடு வரும் வெல்டர் வீட்டம்மாவாகத்தான் அவளை அவர்களுக்குத் தெரியும். துறைமுகப் பட்டறையில் கப்பல் எஞ்சின்களின் விரிசலைத் தைப்பதே அவள் வேலை. அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"நெருப்பே வேணாம். விரிசலுக்குக் குறுக்கால வரிசையா துளை போட்டு, அதுல இரும்புப் பட்டையை அடிச்சு இறக்கணும். ரெண்டு பக்கத்தையும் அது இழுத்துப் பிடிச்சுக்கும். அப்புறம் விரிசல் மேலயே துளை போட்டு, மரை வெட்டி, திருகாணியா ஏத்திக்கிட்டே போகணும். ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறதைக் கடிச்சுக்கிட்டு உக்காரும். மேல ராவி விட்டா விரிசல் இருந்த இடம் முழுக்க ஆணிதான் இருக்கும்."

"ஆவி தாங்குமாம்மா?" விசில் தலையைத் தூக்கினார்.

"தெரியாதுண்ணே. தண்ணி ஓடற இடத்துல தாங்கியிருக்கு. ஆவி ஓடற இடத்துல நான் தைச்சதில்ல."

இப்படி உண்மையைப் பேசினால் எந்தத் தலைவர் ஒப்புக்கொள்வார்? ஆனால் இவர் வியாபாரி. செலவில்லாத பேச்சு அவருக்குப் பிடித்தது.

"சரி, பீடம் கட்டி முடியற வரைக்கும் பாருங்க. ஒழுகிச்சுன்னா?"

"ஒழுகிச்சுன்னா எஞ்சினுக்கு நானே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் வெல்டர் வெடித்தார். "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!"

"உங்க மானம் அந்த வெல்டிங்கோடயே போயாச்சுங்க. மிச்சம் மீதி இருந்தா காப்பாத்தலாம்னு பாக்கறேன்."

சொன்ன மறுகணமே அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வில்லிலிருந்து கிளம்பிய அம்பு திரும்பவா போகிறது? மறுநாளிலிருந்து வெல்டர் ஷெட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டில் சாப்பிடுவதற்கு மட்டுமே வாயைத் திறந்தார்.

அவள் துறைமுகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். விரிசல் எதுவரை போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துடைத்து, மேலே சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தாள். உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைக்கு நடுவே கறுப்பு மயிரிழைபோல் ஒரு கோடு காட்டியது. அதன் கடைசி நுனியில் முதல் துளையைப் போட்டாள். இனி விரிசல் அதைத் தாண்டாது. விசில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். செய்த பாவத்தை அவர் காலில் நின்றே கழித்தார்.

பாதித் தூரம் வெண்ணெயாகப் போனது. பிறகு வெல்டர் பற்றவைத்த இடம் வந்தது. டிரில்லின் முனை ஒரு கீச்சலோடு ஒடிந்தது. மாற்றினாள், அதுவும் ஒடிந்தது. வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, பொறுமையாக இறக்கினாள். அதுவும் ஒடிந்தது. வெல்டிங் சூடு பட்ட வார்ப்பிரும்பு கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. அங்கே துளை இல்லை, துளை இல்லாவிட்டால் தையல் இல்லை. பூங்காவில் பீடம் இடுப்பளவு எழும்பிவிட்டது என்று தலைவர் சொல்லியனுப்பினார். கேட்டவர் யாருமில்லை.

அன்று சாயங்காலம் ஒடிந்த முனைகளை ஒரு துணியில் முடிந்து வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். திரும்பி வந்தபோது வெல்டர் துணியை அவிழ்த்து, ஒரு முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வெல்டிங் மேலயா?"

"அதுக்குப் பக்கத்துலயும்தான். சூடு பட்ட இடமெல்லாம் கண்ணாடியா கிடக்குங்க."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? குழம்புல உப்பு இல்லன்னாகூட நீங்க வாயத் திறக்கறதில்ல."

வெல்டர் தட்டைப் பார்த்தார். "இன்னிக்கு உப்பு இல்லதான்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் முன் நங்கென்று வைத்தாள். அந்த வீட்டில் சமாதானம் என்பது அவ்வளவுதான்.

காலையில் அவர் கிரைண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் ஷெட்டுக்குள் நுழைந்தார். தலைவர் பெயிண்டரைக் கூட்டிவந்து எஞ்சினுக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். இன்னும் சிலரும் வேடிக்கைக்கு நின்றார்கள். வெல்டர் யாரையும் பார்க்கவில்லை.

"நான் போட்டதை நானே எடுத்துடறேன். தள்ளி நில்லுங்க."

பொறி பறந்தது. அந்த வெல்டிங் பார்ப்பதற்கு அழகானது; மீன் செதிலை அடுக்கினாற்போல் ஒரே சீராக இருந்தது. அத்தனை பேர் பார்க்க அதை அவர் ராவித் தள்ளினார். கோபக்கார மனுஷன்தான், வீம்புக்காரர்தான், ஆனாலும் இப்படி ஒரு மனுஷனைத்தான் தான் கட்டியிருக்கிறோம் என்று அந்த நிமிடம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. கிரைண்டர் நின்றபோது சூடுபட்ட பகுதி முழுவதும் போய், சிலிண்டரில் ஒரு சாண் நீளத்துக்கு ஜன்னல் திறந்திருந்தது.

"போதுமா?" என்றார்.

"இன்னும் அரை விரல்."

"உனக்குப் போதும்னு என்னிக்குத்தான் வந்திருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அரை விரல் எடுத்தார்.

கழிவில் கிடந்த ஒரு பழைய சிலிண்டரிலிருந்து அதே வார்ப்பிரும்பில் ஒரு துண்டு வெட்டி, ஜன்னலுக்குப் பொருந்த அரத்தால் ராவினாள். வைத்துப் பார்ப்பதும் ராவுவதுமாக ஒரு பகல் முழுக்கப் போயிற்று. பிறகு துண்டைச் சுற்றிலும் தையல். அவர் சிலிண்டருக்குள் தலையை விட்டு விளக்குப் பிடித்தார். அவள் வெளியிலிருந்து துளைத்தாள். நாள் பூராவும் வாக்குவாதம். "கோணலா போகுது." "உங்க கண்ணுதான் கோணல்." கடைசி ஆணி ஏறியபோது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. உட்பக்கத்தை வழவழவென்று ராவி, புது மூடி மாட்டினார்கள். பச்சைத் தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்த்ததில் ஒழுகவில்லை. ஆனால் பச்சைத் தண்ணீர் என்பது ஒத்திகைதான்.

பீடமும் முடிந்துவிட்டது. சோதனை ஓட்டத்துக்குச் சங்கமே திரண்டு இரண்டு பெட்டிகளிலும் ஏறிக்கொண்டது. விசில் சிலிண்டரின் வடிகுழாய்களைத் திறந்தவர் மூடுகிற வழியாய்க் காணோம். வெந்நீரும் ஆவியும் சீறியடித்து, முன்னால் நின்ற தலைவரின் வேட்டி தொப்பலானது. விசில் சூடு கண்ட பூனை அல்லவா! அவள் தையல் நெடுகச் சுண்ணாம்புக் கட்டியை அழுத்தித் தேய்த்தாள். துளி கசிந்தாலும் வெள்ளை கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டி கிளம்பியது. அவளும் வெல்டரும் டிரைவரோடு எஞ்சினில் நின்றார்கள். உள்ளே நின்றால் சிலிண்டர் தெரியாது. அதுதான் கொடுமை. மலையேற்றம் தொடங்கியதும் வேகம் குறைந்தது, மூச்சு கனத்தது. விசில் அவளை ஒரு முறை பார்த்தார். அவள் தலையாட்ட, ஆவியைத் திறக்கும் கைப்பிடியை முழுக்க இழுத்தார். உள்ள பலமெல்லாம் இப்போது அந்தத் தையல்மேல். வெல்டர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

உச்சியில் வண்டி நின்றதும் எல்லாரும் குதித்து ஓடினார்கள். ஆனால் சிலிண்டர் முன்னால் போய் வட்டமாக நின்றுவிட்டார்கள். வெல்டர்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தோன்றியிருந்தது. அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பார்த்தார். விரலால் தொட்டார். விரலில் ஒட்டியது காய்ந்த வெள்ளைப் பொடி.

"ஒரு பொட்டு ஈரம் இல்ல" என்றார். குரல் உடைந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

அப்புறம் எழுந்த கூச்சலைச் சொல்லி மாளாது. கூட்டத்தில் அன்று சட்டையையா என்று கேட்டவனே இப்போது முண்டியடித்து வந்து தையலைத் தடவிப் பார்க்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டான். தலைவர் ஈர வேட்டியோடு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப, அந்தப் பீடத்தை என்னதான் பண்றது?"

"நீங்க ஏறி நில்லுங்க தலைவரே. பெயிண்ட் நாங்க அடிக்கிறோம்" என்றார் விசில்.

எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் தலைவர்தான். அந்த வகையில் நல்ல மனுஷன்.

"இன்னொரு தடவை ஏறணும்" என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது. "அதான் தாங்கிடுச்சேம்மா" என்றார் விசில்.

"ஒரு தடவை தாங்கினது அதிர்ஷ்டமா இருக்கலாம். கீழ மூணாவது பெட்டி சும்மாதான நிக்குது? அதையும் மாட்டுங்க."

வெல்டர் அவளைப் பார்த்தார். "மாட்டுங்க" என்றார் அவரும்.

அடிவாரத்தில் மூன்றாவது பெட்டியை மாட்டினார்கள். அவள் தையல்மேல் புதிதாகச் சுண்ணாம்பு தேய்த்தாள். சேதி பரவி, தெருவில் போனவர்கள், பெயிண்டர், பீடம் கட்டிய கொத்தனார்கள் எல்லாரும் பெட்டிகளில் நெருக்கியடித்து ஏறிவிட்டார்கள். இந்த முறை வெல்டர் கண்ணை மூடவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கரியை அள்ளிப் போட்டார். ஏற்றம் வந்தது. வளைவு வந்தது. வளைவில் எஞ்சினின் வலப்பக்கம் வெயிலுக்குத் திரும்பிய ஒரு கணம், கைப்பிடியைப் பற்றி வெளியே சாய்ந்து எட்டிப் பார்த்தவளுக்குச் சிலிண்டர் தெரிந்தது. வெயிலில் அந்தக் கோடு வெள்ளைவெளேரென்று இருந்தது.

எஞ்சின் வேகம் குறையாமல் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பட்டறையில் இத்தனை வருஷம் எத்தனையோ கப்பலைத் தைத்து அனுப்பியிருக்கிறாள். தான் தைத்தது தன்னையே சுமந்துகொண்டு ஓடுவதை இன்றுதான் பார்க்கிறாள். கரி அப்பிய முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, கட்டிய தொண்டை கிழிய, அவள் கத்தினாள்.